அத்திவாரம் வெட்டுமுன் கயிறு பிடிப்போம்

(பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களின் வீடமைப்புப் பயனாளிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு வேண்டும் என்று கேட்டு நாம் கூடிய கூட்டங்களுக்குக் கணக்கில்லை. இன்றைய கூட்டம் அதற்கல்ல. வரப்போகும் வீட்டைக் காணியில் எந்த இடத்தில் வைப்பது, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது, குசினி எங்கே, விறகு எங்கே என்று பேசக் கூடியிருக்கிறோம். "காணித் துண்டே இப்போதுதான் கைக்கு வருகிறது, அதற்குள் குசினிப் பேச்சா?" என்று இரண்டொருவர் கேட்டார்கள். அத்திவாரம் வெட்டி, கல் போட்ட பிறகு பேசி என்ன செய்வது?

நாம் இருக்கும் லயத்துக்கு வரைபடம் கீறியவர்கள் அதில் ஒரு நாளும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே கீறினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. 120 சதுர அடி. பல தோட்டங்களில் முதுகோடு முதுகாக ஒட்டிய லயங்கள், பின்பக்கம் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று நடந்தோம், பேசினோம். அந்த 200 வருடத்தில் நம் வீட்டின் சுவர் எங்கே வரவேண்டும் என்று நம்மை யாரும் கேட்டதில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணி, அதில் 550 சதுர அடியில் தனிவீடு: இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, மலசலகூடம். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்தின் கீழ் 2,056 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தது நம்முடைய பண்டாரவளையில்தான், 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி. அறிவித்து எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த பத்திரம். அந்தத் தாமதத்தைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் வைக்கலாம். இன்று காணிக் கணக்குக்கு வருவோம்.

ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. உதாரணத்துக்கு 40 அடி அகலம், 47½ அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். வீடு 22 அடி அகலம், 25 அடி நீளம் என்றால் 550 சதுர அடி சரி. இப்போது வீட்டைக் காணியின் நட்டநடுவில் வைத்துப் பாருங்கள். பார்க்க அழகு. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அடி மிச்சம். நாளை மகனுக்குக் கலியாணம் முடிந்து, பத்தடி அகலத்தில் ஒரு அறை இறக்க வேண்டும் என்றால் ஒன்பதடியில் எப்படி இறக்குவது? வலது பக்கமும் முடியாது, இடது பக்கமும் முடியாது. 18 அடி நிலம் இருந்தும் ஒரு அறைக்கு இடமில்லை.

அதே வீட்டை ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தப் பக்கம் கூரைத் தண்ணீர் விழவும் கான் போகவும் மூன்றடி மட்டும் விட்டால், மறுபக்கம் 15 அடி கிடைக்கிறது. அறை இறக்கலாம். இறக்கிய பிறகும் ஐந்தடி வழி மிஞ்சும். எல்லையில் எத்தனை அடி விடவேண்டும் என்று பிரதேச சபையில் கேட்டுக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். அந்த மூன்று நாலாகலாம், ஐந்தாகலாம். நடுவில் வைப்பதைவிட எப்படியும் லாபம்தான். சீமெந்து ஒரு மூடை கூடச் செலவாகாது. அத்திவாரக் கயிறு கட்டும் அன்றைக்கு முளையைச் சில அடி தள்ளி அடித்தால் போதும். இன்னொன்று: பின்னால் அறை இறக்க நினைக்கும் பக்கத்துச் சுவரில் இப்போதே ஒரு ஜன்னல் வையுங்கள், அதன் மேலே லின்டலைக் கதவு உயரத்துக்குப் போடச் சொல்லுங்கள். வேண்டிய நாளில் ஜன்னலுக்குக் கீழே உள்ள கல்லை எடுத்தால் கதவாகிவிடும். சுவரைப் பிளந்து கூரைக்கு முட்டுக்கொடுக்கும் வேலை இராது.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் இடமில்லாதவர் என்ன செய்கிறார்? பின்னால் மண்மேட்டை வெட்டுகிறார். முதல் வருடம் நாலடி, கலியாணத்துக்கு இன்னும் ஆறடி. மேடு செங்குத்தாக நிற்கிறது, அதன் காலடியில் பிள்ளைகள் படுக்கிற அறை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மழையில் நம்முடைய பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மலை இறங்கியது என்பதையும் பார்த்தோம். மீரியபெத்தை யாரும் வீட்டுக்குப் பின்னால் மேடு வெட்டியதால் வந்ததல்ல, அது பெரிய மலைச்சரிவு. ஆனால் நாமே வெட்டிவைக்கிற மேடு விழ அவ்வளவு பெரிய மழை தேவையில்லை.

ஆகவே காணி ஒதுக்கும்போதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அறிக்கை இருந்தாலும் மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா? மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா? புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வருகிறதா? இருந்தால் அங்கே கயிறு பிடிக்க வேண்டாம், சங்கத்துக்குச் சொல்லுங்கள். மேட்டுக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவதை வீடு கட்டும் செலவோடு சேர்க்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை.

இனிக் குசினி. இந்த இடத்தில் ஆண் தோழர்கள் கொஞ்சம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. உட்காருங்கள். 1926இல் ஜெர்மனியில் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், சமைக்கிற பெண் அடுப்புக்கும் தண்ணீருக்கும் அலுமாரிக்கும் இடையில் எவ்வளவு நடக்கிறாள் என்று பார்த்து ஒரு குசினி வரைந்தார். ஏறக்குறைய ஆறேகால் அடிக்குப் பதினொன்றேகால் அடி. சுமார் 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. ஆலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்து லாபம் பார்த்த காலத்தில், அந்த அளவுகோலை வீட்டுப் பெண்ணின் உடம்பு நோகாமல் இருக்கத் திருப்பினார். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அது ஒருவர் மட்டும் நிற்கிற குசினி. நம் குளிருக்கு அடுப்பைச் சுற்றித்தான் குடும்பமே குந்துகிறது. அளந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

விடிய நாலரைக்கு எழும்புகிற தாய் என்ன செய்கிறார்? விறகு எடுக்கிறார், தண்ணீர் எடுக்கிறார், அடுப்பு மூட்டுகிறார், ரொட்டி சுடுகிறார், பிள்ளையை எழுப்புகிறார், படங்கைத் தேடுகிறார், பிரட்டுக்கு ஓடுகிறார். விறகு வீட்டுக்கு முன்னால், தண்ணீர் குழாய் பக்கத்தில், குசினி பின்னால் என்றால் ஒவ்வொரு விடியலும் வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். குசினிக் கதவைத் திறந்தால் கைக்கெட்டுகிற தூரத்தில் குழாய், பக்கத்தில் மிலாறு நனையாமல் அடுக்க ஒரு தகரச் சாய்ப்பு, அதே சாய்ப்பில் ஈரப் படங்கும் கூடையும் தொங்கவிட நாலு ஆணி, சேற்றுக் காலைக் கழுவ ஒரு கல். இவ்வளவும் பின்கதவில் இருந்தால் சேறு வீட்டுக்குள் வராது.

"இனிமேல் காஸ் அடுப்புதானே, விறகு எதற்கு?" என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். 2022இல் காஸ் சிலிண்டர் இல்லாமல் கொழும்பிலேயே விறகு தேடியதை மறக்கக்கூடாது. இரண்டுக்கும் இடம் வேண்டும். விறகடுப்பு இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், மேலே புகைக்கூடு கட்டாயம் இருக்கட்டும். காற்றையும் பாருங்கள். ஜூலை, ஓகஸ்டில் நம் பக்கம் கச்சான் அடிக்கிற திசையில் குசினி இருந்தால் புகை முழுவதும் படுக்கை அறைக்குள். உங்கள் மலையில் எந்தப் பக்கக் காற்று என்று வயதானவர்களைக் கேளுங்கள். அதிகாரிக்குத் தெரியாது, தாத்தாவுக்குத் தெரியும்.

பிள்ளைகள் படிக்கிற இடத்தைப் பற்றி ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்று சொல்ல வேண்டும். திருத்தக் கொண்டுவருகிற கொப்பிகளிலேயே வீடு தெரிகிறது. சிலது புகை மணக்கும், சிலதில் கூரை ஒழுகிய தண்ணீர்க் கறை, சிலதில் எழுத்து மேலும் கீழும் ஓடும், மடியில் வைத்து எழுதியது. ஒரு ஜன்னலுக்குக் கீழே இரண்டரை அடிக்கு நாலடியில் ஒரு பலகை, அதற்கு மேலே ஒரு பல்ப், தொலைக்காட்சி அந்தப் பக்கம் முகம் பார்க்காமல். அறை தனியாக வேண்டியதில்லை. இந்த மூலை அந்தப் பிள்ளையுடையது என்று வீட்டிலுள்ளவர்கள் ஒத்துக்கொண்டால் போதும்.

மலசலகூடக் குழி பீலிக்கோ ஊற்றுக்கோ மேலே வரக்கூடாது. நம்முடைய குழி மட்டுமல்ல, மேல்வீட்டுக் குழியும். வாசல் திசை பார்க்கச் சாத்திரியாரிடம் போகிறவர்கள் போங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் முதலில் சரிவைப் பார்த்துவிட்டு, பிறகு சாத்திரம் பாருங்கள். முன்னால் ஒரு வாங்கு போட இடம் விடுங்கள். லயத்தில் எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டோம். இஸ்தோப்பில் இருந்து அடுத்த காம்பராவோடு பேசிய பேச்சு நல்லதுதான்.

"மாதிரி வரைபடம் மாற்ற முடியாது" என்பார்கள். வீட்டின் அளவை மாற்றச் சொல்லி நாம் கேட்கவில்லை. திருப்பி வைக்கவும், தள்ளி வைக்கவும், ஒரு லின்டலை உயர்த்தவும் கேட்கிறோம். ஒப்பந்தக்காரர் கட்டினாலும் நாமே ஆள்வைத்துக் கட்டினாலும், முளை அடிக்கும் நாளில் கணவன் மனைவி இருவரும் காணியில் நிற்க வேண்டும், அதற்கு அந்த நாள் சம்பளம் வெட்டுப்படக்கூடாது என்று தோட்ட நிர்வாகங்களுக்குக் கடிதம் கொடுக்கப்போகிறோம். பத்திரத்திலும் இருவர் பெயரும் வரவேண்டும். மலையில் கூடை சுமந்து சந்தா கட்டிய தாயின் பெயர் இல்லாத பத்திரத்தை அப்படியே வாங்கிவராமல், அங்கேயே கேளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் காணிகளுக்கு வருவார்கள். நாங்களும் வருவோம். ஒரு வீட்டுக்குக் கயிறும் எட்டு முளையும் போதும், நாலு காணிக்கு, நாலு வீட்டுக்கு. அளவு நாடா சங்கத்திடம் இருக்கிறது. முதலில் 22க்கு 25 கயிறு கட்டி, அதற்குள் அடுப்பு இடம், கட்டில் இடம், பலகை இடம் என்று சுண்ணாம்பால் கோடு போடுவோம். வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவர் கட்டாயம் வரவேண்டும். மழை பெய்தாலும் வாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.