ஓ.ஏ.பி. பணமும் ஒரு கேள்வியும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் எவ்வளவு வசூலானது, எத்தனை பேருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தோம் என்ற கணக்கைத்தான் வாசிப்போம். இன்று நம்முடைய ஒரு குறையைச் சொல்லித் தொடங்குகிறோம்.

நம் மஹல்லாவில் ஒரு மூத்த உம்மா. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருக்கு வந்துகொண்டிருந்த ஓ.ஏ.பி. பணம் ஒரு மாதம் நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் வங்கிக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை நடக்க அவருக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. நம்மிடம் வந்தார். பைத்துல்மாலிலிருந்து மாதாமாதம் அந்தத் தொகையைக் கொடுக்கத் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், ஓராண்டுக்கு மேல் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அதை ஆண்டறிக்கையிலும் பெருமையாக எழுதினோம்.

அறிக்கை வாசித்த அன்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கேட்டார்: "கொடுக்கிறது சரி பாய். அந்தப் பணம் ஏன் நின்னுச்சுன்னு யாராவது போய்க் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. நாம் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில், கொடுக்க வேண்டியவர்களைக் கேட்க மறந்துவிட்டோம். பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த உம்மாவைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். அரசு தர வேண்டியதை நாம் ஜகாத், ஸதகா பணத்திலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பணம் போயிருக்க வேண்டிய வேறு வீடுகள் எத்தனை என்று யோசித்தபோது மனம் கனத்தது.

அதற்குப் பிறகுதான், மக்களுடைய மருத்துவத்துக்கும் ஆதரவற்றோர் பராமரிப்புக்கும் அரசிடம் யார், எங்கே, எப்படிக் கணக்குக் கேட்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். நம் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் நாம் எதற்குத் தேடுகிறோம்? கல்யாணப் பத்திரிகை வைக்க, காலேஜ் சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க, தெருவிளக்குக்குச் சொல்ல. அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் வேறு. அது கேள்வி.

சட்டமன்றமானாலும் நாடாளுமன்றமானாலும், கூட்டம் நடக்கும் நாளில் கேள்விகளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலிலிருந்தே துணைக்கேள்வியும் கேட்கலாம். இன்னும் 230 கேள்விகள் வரை எழுத்து மூலம் பதில் பெறும். அவற்றில் துணைக்கேள்வி கிடையாது. இந்தக் கேள்விகளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இந்த உரிமை ஒரே நாளில் வந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் 1892 சட்டம்தான் கேள்வி கேட்க அனுமதித்தது. துணைக்கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 15 நாளில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கேள்வி ஏற்கப்பட்டதும் அது துறைச் செயலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து தாலுகாவுக்கும் இறங்குகிறது. எத்தனை விண்ணப்பம், எத்தனை நிலுவை, ஏன் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியாக வேண்டும். நம் உம்மா இரண்டு முறை நடந்தும் திறக்காத கோப்பை, சபையில் கேட்கும் ஒரு கேள்வி திறக்க வைக்கும்.

ஆனால் கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பதிலும் இருக்கும். "முதியோர் உதவித்தொகை முறையாக வழங்கப்படுகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "இந்த வட்டத்தில் கடந்த 2 ஆண்டுகளில் பெறப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை, ஏற்கப்பட்ட பிறகு நிறுத்தப்பட்டவை எத்தனை, நிறுத்தியதற்கு என்ன காரணம்?" என்று கேட்டால் எண் வந்தே ஆக வேண்டும்.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. 2021 ஜூலை 20 அன்று, ஆக்சிஜன் பற்றாக்குறையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு மாநிலங்களவையில் மத்திய அரசு பதில் தந்தது. சுகாதாரம் மாநிலப் பொருள், இறப்புகளை மாநிலங்கள்தான் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். யாரும் இறக்கவில்லை என்று சொல்லவில்லை. யாரும் தெரிவிக்கவில்லை என்று சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வீட்டு ஜனாஸாக்கள் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் கொந்தளிப்பு எழுந்த பிறகுதான் மாநிலங்களிடம் அந்தக் கணக்கைத் தனியாகக் கேட்டார்கள். பதில் நெஞ்சைச் சுட்டது, ஆனாலும் கேள்வி வீணாகவில்லை. அப்படி ஒரு கணக்கே எடுக்கப்படவில்லை என்பதை ஊரறியச் செய்தது அந்தக் கேள்விதான்.

அதிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்கிறோம். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்பதை எம்.பி.யிடம் கொண்டுபோனால் 'மாநிலப் பொருள்' என்று திரும்பி வரும். அது சட்டமன்றத்துக்குரியது.

ஓ.ஏ.பி. விஷயத்தில் இருவரையும் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் அந்தத் தொகை 1,200 ரூபாய் ஆனது. மத்தியத் திட்டத்தில் வருபவர்களுக்கு அதில் டெல்லியின் பங்கு எவ்வளவு தெரியுமா? 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500. திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது 75 ரூபாய். 2006இல் அது 200 ஆனது, அதன்பின் அங்கேயே நிற்கிறது. அப்போது 200 ரூபாய்க்கு வாங்கிய அரிசியையும் இன்று வாங்குவதையும் தாய்மார்கள் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பல கட்சி உறுப்பினர்களும் திரும்பத் திரும்ப இதைக் கேட்டிருக்கிறார்கள். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் உயர்த்தச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே, கேட்டால் கிடைத்துவிடும் என்று நாம் உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம்.

பதில்களிலும் ஒரு தனி மொழி இருக்கிறது. "ஆவன செய்யப்படும்", "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்பார்கள். கேட்டுக் கேட்டு நமக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மக்களவையில் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை ஓர் உறுதிமொழியாகவே குறித்து வைக்கிறார்கள். 3 மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்கவே 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் அப்படியொரு குழு உண்டு. காலக்கெடு பல முறை நீள்கிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் குறித்து வைத்தவர் பின்னால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

இன்னொரு வாசலும் நமக்குத் திறந்திருக்கிறது. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. இது மாவட்டங்களுக்கு நேரில் வரும். அதற்கு முன் மனுக்களை ஐந்து பிரதிகளுடன் கேட்டு அறிவிப்பு வெளியாகும். நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனி ஒருவருடைய ஓய்வூதியம், பட்டா, வேலை, நீதிமன்ற வழக்கு இவற்றை ஏற்க மாட்டார்கள். நம் உம்மாவுடைய ஓ.ஏ.பி.யை அங்கே கொண்டுபோக முடியாது. பிரசவ வலி வந்த பெண்ணை இரவில் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலையைக் கொண்டுபோகலாம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது பொது நெறி. நம் பகுதிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று மக்கள்தொகையோடு சேர்த்து எழுதலாம்.

ஆட்சியாளரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபோது, எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணி கிடைத்திருக்க உங்கள் மேலாடைக்கு மட்டும் கூடுதல் துணி எங்கிருந்து வந்தது என்று சபையிலேயே கேட்கப்பட்ட சம்பவத்தைப் பயான்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அவர்கள் கோபப்படவில்லை. தன் பங்கைத் தந்தையிடம் கொடுத்ததாக மகனார் எழுந்து சாட்சி சொன்ன பிறகுதான் பேச்சு தொடர்ந்தது.

சரி, நாம் என்ன செய்தோம்? எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். நிறையப் பேருக்குப் பணம் வரவில்லை என்றோம். அங்கிருந்த உதவியாளர் கேட்டார்: "எத்தனை பேர்? எந்த மாசத்துல இருந்து? மனு ரசீது இருக்கா?" எங்களிடம் ஒன்றுமில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து வீடு வீடாகப் போய் ஒரு தாளில் எழுதினோம்: வயது, பணம் நின்ற மாதம், சொல்லப்பட்ட காரணம், மனு கொடுத்த தேதி. பெயர்களைத் தனித் தாளில் வைத்தோம். நம் தாய்மார்களின் வறுமை கைமாறிப் போகும் காகிதமாகிவிடக் கூடாது. கேள்விக்கு எண்ணிக்கையும் மாதமும் போதும்.

அந்தத் தாளை வைத்துக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சபையில் அது இன்னும் எடுக்கப்படவில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து விவரம் கேட்டுப் போன பிறகு மூன்று பேருக்குப் பணம் திரும்ப வந்திருக்கிறது. ஒருவருக்கு ஆதார் இணைப்பு அறுந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மூத்த உம்மாவுக்கு இன்னும் வரவில்லை. வரும் வரை பைத்துல்மால் கொடுக்கும், இன்ஷா அல்லாஹ். கேட்பதையும் நிறுத்த மாட்டோம்.

முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை நின்றுபோனவர்களும், விண்ணப்பித்துப் பதில் வராதவர்களும் வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்புக் நகல், மனு ரசீது, ஆதார் நகல் கொண்டு வாருங்கள். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, மனு கொடுத்த மாதத்தை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டைப் பக்கத்து வீட்டார் சொன்னால் நாமே வருகிறோம். பெண்களிடம் விவரம் எழுத இரண்டு சகோதரிகள் இருப்பார்கள்.