முதலாம் ஆண்டு உயிரியல் பிள்ளைகளின் வீட்டாருக்கு

(கல்வி உதவி பெறும் மாணவ மாணவியரின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சாரலில் நனைந்துகொண்டு, சீசன் வியாபாரத்தையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வியின் சிறப்பைப் பேசுவோம். அது தெரிந்துதான் பிள்ளையைச் சேர்த்திருக்கிறீர்கள். சேர்த்த பிறகு வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். தாவரவியல், விலங்கியல் எடுத்த பிள்ளைகளின் வீடுகளில் இந்தத் தடுமாற்றத்தை நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். அவன் அத்தாவின் அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயரும் கல்லூரியும் வேண்டாம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். அத்தாவுக்குக் குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை. கல்லூரி திறந்த நேரத்தில்தான் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்கு வந்தன. சனி, ஞாயிறு மட்டும் கடையில் நிற்பதாக ஆரம்பித்தது, வெள்ளி, திங்கள் என்று நீண்டது. வீட்டில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. சீசன் இரண்டு, மூன்று மாதம். அதில்தான் வருஷத்துக் கடன் அடைய வேண்டும். அக்டோபரில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வெழுத முடியாதவர் வரிசையில் அவன் பெயர்.

அத்தா நம் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். நாங்கள் கல்லூரிக்குப் போனோம். துறைத்தலைவர் அம்மையார் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, செய்முறை வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நடந்த வகுப்பு பதினொன்று. பிள்ளை வந்தது நான்கு. "நான் கையெழுத்துப் போட்டால், மைக்ராஸ்கோப்பில் அவன் பார்க்காததைப் பார்த்தான் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகாதா சார்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. வராத ஏழு நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை, உதவித்தொகைக் காசோலை வாங்க வரும்படி நாங்களே அவனுக்குச் சொன்ன நாள்.

ஆகையால் முதலில் எங்கள் தவறைத் திருத்திக்கொண்டோம். இனிக் காசோலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்தப் பிள்ளை அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்கிறான். இந்தச் சீசனுக்குக் கடையில் வேறு ஆள் நிற்கிறார்.

கணக்கைக் கேளுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலை நாள். 75 சதவீத வருகை வேண்டும் என்றால் 68 நாள். விட்டுப்போகக் கூடியது 22 நாள்தான். கொஞ்சம் குறைந்தால் கட்டணம் கட்டி, தக்க காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது. இந்த 22 நாளில்தான் காய்ச்சலும் வர வேண்டும், பெருநாளுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் லீவும் வர வேண்டும், சாச்சா மகள் கல்யாணத்துக்கு முதல் நாளும் மறுநாளும் வர வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்கள் எத்தனை நாள் நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

"வகுப்புக்குப் போகாவிட்டால் என்ன, கைடு வாங்கிப் படித்துக்கொள்ளட்டுமே" என்பார்கள். வேறு சில பாடங்களில் அது ஓரளவு நடக்கலாம். உயிரியலில் நடக்காது. செய்முறைத் தேர்வில் மேஜைமேல் எண் போட்டு வரிசையாகப் பொருள்களை வைத்திருப்பார்கள். ஒரு பாசி, ஒரு புழு, கண்ணாடித் தகட்டில் வேர் நுனியின் செல்கள். ஸ்பாட்டர் என்று பெயர். சில நிமிஷத்தில் பார்த்து, இன்னதென்று எழுதி, அடுத்ததற்கு நகர வேண்டும். வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் மூடிப் பழகிய கைக்கு அது சுலபம். படத்தில் மட்டும் பார்த்தவனுக்குக் காற்றுக் குமிழியும் செல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எங்களுக்கு இது புரிந்தது மதரஸா பழக்கத்தால். நேற்றைய ஸபக்கை ஒப்பிக்காதவனுக்கு உஸ்தாத் இன்றைய ஸபக் தர மாட்டார். அதை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை.

அடுத்தது ரெக்கார்டு நோட்டு. வகுப்பில் பார்த்ததை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் வரைந்து, பிறகு ரெக்கார்டில் ஏற்றி, வாராவாரம் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் துறைத்தலைவர் சான்றொப்பம் இடாத ரெக்கார்டோடு போனால் செய்முறைத் தேர்வில் சிக்கல்தான். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தேர்வுக்கு முந்தைய வாரம் அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து, சீனியர் நோட்டைப் பார்த்து இரவெல்லாம் வரைகிறார்கள். பாசமான காட்சிதான், ஆனால் விதிப்படி அது காப்பி. சீனியர் நோட்டில் இருந்த பிழை அப்படியே இதிலும் இருப்பதை ஆசிரியர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பார்த்து வரைவதற்கு நம் ஊரே சாட்சி. 1830களில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் குற்றாலம் மலைக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அவர் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள், ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் கைத்திறனை மெச்சி ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்தூயியா என்று வைட் பெயர் வைத்தார். செடியைப் பார்த்துப் பார்த்து வரைந்ததால்தான் அந்தப் படங்களை இன்றைக்கும் தாவரவியலார் எடுத்துப் பார்க்கிறார்கள். பிள்ளையின் படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அவன் பார்த்ததாக இருக்கட்டும்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 25 உள்மதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு என்பது வழக்கமான முறை. அந்த 25 பருவம் முழுக்க நடக்கும் சிறு தேர்வுகளிலும் அசைன்மென்டிலும் சேர்வது. கடைசி நாளில் யாரிடமும் போய்ச் சொல்லி வாங்கக் கூடியதல்ல. எங்களிடமும் "ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வராதீர்கள்.

நீங்கள் தனியாக வந்து கேட்கும் கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

ஜுமுஆ. செய்முறை வகுப்பு இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நடக்கும். வெள்ளி மதியம் வந்துவிட்டால் பிள்ளை சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறான், ஆப்சென்ட் விழுகிறது. கால அட்டவணை ஒட்டிய வாரமே, வேறு பேட்சில் சேர்க்கும்படி துறைத்தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நாங்கள் இப்படிக் கொடுத்த விண்ணப்பங்களை ஆசிரியர்கள் பரிவோடுதான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ரமளான். இன்னும் சில ஆண்டுகளுக்கு அது இரண்டாம் பருவத்தில்தான் வரும். தராவீஹ் முடிந்து ரெக்கார்டு எழுத உட்காரும் பிள்ளை ஸஹர் வரை தூங்காது. நோன்பு பிடிக்குமுன் பாதி ரெக்கார்டாவது முடிந்திருக்க வேண்டும்.

உடை. ஹிஜாபோடு ஆய்வகத்துக்குப் போவதில் சிரமமில்லை. ஆனால் ஸ்பிரிட் விளக்கு எரியும் இடத்தில் தொங்கும் ஷாலும் அகலமான புர்கா கையும் ஆபத்து. ஷாலைப் பின் குத்தி, கையை மடித்து, மேலே பருத்திக் கோட்டு போடச் சொல்லுங்கள். பையன்களுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம்.

தவளை அறுப்பது. நாங்கள் கல்லூரியில் இருந்த காலத்தில் விலங்கியல் வகுப்பு என்றாலே அதுதான். 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது, 2014இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. இப்போது மாதிரி, வரைபடம், கணினி, பதப்படுத்திய உயிரினம். அதற்குப் பயந்து விலங்கியலை மறுக்க வேண்டியதில்லை.

பரிணாமப் பாடம் பற்றி ஒரு தாய் கவலைப்பட்டுக் கேட்டார்கள். பாடத்தில் உள்ளதைப் புரிந்து, கேட்டபடி எழுத வேண்டும். மனதில் கேள்வி இருந்தால் வகுப்பில் ஆசிரியரிடம் கேட்கலாம், ஹஜ்ரத்திடமும் கேட்கலாம். விடைத்தாளில் வாதம் செய்தால் மதிப்பெண் போகும்.

களப்பயணம். பெண் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறீர்கள். எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் இதே குற்றாலத்துக்குத்தான், சாரல் காலத்தில் பாறையில் படரும் பாசியையும் மாஸையும் பார்க்க. குடும்பத்தோடு நாம் வாரம் தவறாமல் குளிக்கப் போகும் இடம். ஆசிரியைகள் கூடவே வருகிறார்கள், போய்வர ஒரு பகல். பிள்ளைகளுக்கும் ஒன்று: காட்டில் அனுமதியில்லாமல் எதையும் பறிக்காதீர்கள், அது வனத்துறையின் சட்டம். ஹெர்பேரியத்துக்குச் செடி வேண்டுமென்றால் நம் தெருவோரத்திலேயே குப்பைமேனியும் துத்தியும் நிற்கின்றன.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் லத்தீன் பெயரைக் கண்டு மிரள்கிறார்கள். ஏழு வயதில் அரபு எழுத்துக் கூட்டி, தாய்மொழி அல்லாத மொழியில் யாஸீன் சூராவை மனப்பாடம் செய்த பிள்ளைகள் நீங்கள். அகாலிஃபா இண்டிகா அதைவிடக் கஷ்டமா? ஒரு நாளைக்குப் பத்துச் சொல், சத்தமாக.

கடைசியாக, சொல்லக் கொஞ்சம் தயக்கமான ஒன்று. உயிரியல் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் நீட் எழுதி இடம் கிடைக்காமல் வந்தவர்கள். "சும்மா சேர்ந்து வை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்கிறோம். பிள்ளை கோச்சிங்குக்கும் முழுதாகப் போவதில்லை, கல்லூரிக்கும் முழுதாகப் போவதில்லை. இரண்டிலும் தோற்று நின்ற ஒரு பெண் பிள்ளை எங்கள் அலுவலகத்தில் அழுததைப் பார்த்தோம். மறுபடி நீட் எழுதுவதென்றால் அதைத் தீர்மானித்து ஒரு வருஷம் அதற்கே கொடுங்கள். கல்லூரி என்றால் கல்லூரி. விருந்தாளிகள் முன்னால் "டாக்டர் சீட் கிடைக்கல, அதான் இது" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். பிள்ளை காதில் விழுகிறது.

இந்த ஆண்டு முதல் உதவித்தொகையின் இரண்டாம் தவணைக்கு வருகைச் சான்று கேட்கப் போகிறோம். செப்டம்பர் மாதமே கேட்போம், குறைந்திருந்தால் சரிசெய்ய நாள் இருக்க வேண்டும் என்பதற்காக. உண்மையான நோய், வீட்டில் மவுத் என்றால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள், கல்லூரிக்குக் கடிதம் தயாரிக்க உதவுகிறோம். சீசனுக்குக் கடையில் ஆள் இல்லை என்பதற்குக் கடிதம் தர மாட்டோம். ஆள் வைக்கப் பணம் இல்லை என்றால் வாருங்கள், வட்டியில்லாக் கடன் பற்றிப் பேசுவோம்.

வாசலில் மேஜைமேல் 90 கட்டம் போட்ட தாள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போய் அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை போகாத நாளில் அம்மா ஒரு கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். தேநீர் தயாராக இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.