தாத்தாவின் வானொலியைத் தூக்கிப் போடாதீர்கள்

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலில் சிற்றலையில் நின்றுபோனது. அதற்காகத் தாத்தாவின் கையடக்க வானொலி செத்துவிட்டதாக முடிவு கட்டலாமா? 2022இல் உக்ரேனில் போர் மூண்டதும், பிபிசி அங்கே சிற்றலையில் ஆங்கிலச் செய்தி அனுப்பியது. மாலையில் 15735, இரவில் 5875 கிலோஹெர்ட்ஸ். ஏன் இரண்டு? குறைந்த எண்களைப் பகலில் வான்மண்டலத்தின் ஓர் அடுக்கு விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். ஆகவே பகலில் 16, 19 மீட்டர். இரவில் 31, 49 மீட்டரில் தேடுங்கள்.

அடுக்குமாடி வீடா? கான்கிரீட் சுவர் அலையைத் தடுக்கும். எல்இடி விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இரைச்சல் கிளப்பும். (பழி வானொலிமேல்தான் விழும், பாவம்!) அவற்றை அணைத்து, பேட்டரி போட்டு, சன்னலோரம் ஏரியலை முழுக்க நீட்டுங்கள். நாலைந்து மீட்டர் கம்பியை அதில் மாட்டினால் இன்னும் நல்லது; இடிமின்னல் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். முள்ளை மெல்லத் திருப்புங்கள். குரல் மங்கினால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் தானே திரும்பி வரும்.