ஸ்ரீநிகேதனத்து ஏர்விழாவும் கிராமக் கலையும்



மலேரியாவினால் நலிந்து, கடனில் மூழ்கி, குடிகள் குறைந்துவரும் கிராமத்தில் சித்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. வங்காளத்தின் பீர்பூம் ஜில்லாவில் சுருல் என்னும் ஊரை அடுத்து, 1922-ம் ஆண்டு பிப்ரவரியில் கவி ரவீந்திரநாத தாகூர் கிராம புனர்நிர்மாண நிலையம் ஒன்றை ஸ்தாபித்தபோது அக்கேள்வி நியாயமானதே. பின்னர் ஸ்ரீநிகேதனம் என்று பெயர் பெற்ற அந்நிலையத்தின் முதல் தலைவர், விவசாய சாஸ்திரம் பயின்ற ஆங்கிலேயரான லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட். மருந்து, எரு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவையே அங்கு முதல் வேலைகளாயின. அதுவே முறையுமாகும். ஆயினும் மருந்தும் எருவும் வெளியிலிருந்து வருபவை. கிராமவாசி அவற்றைக் கைநீட்டிப் பெறவேண்டியவனாகிறான். ஊரார் கொடுப்பவராகவும் நிற்கக்கூடிய காரியம் ஒன்று வேண்டியிருந்தது.

1928-ம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே ஹலகர்ஷணம் என்னும் ஏர்விழா தொடங்கிற்று. காளைகளை அலங்கரித்தனர், மந்திரங்கள் ஓதப்பட்டன, கவி தாமே கலப்பையைப் பிடித்து உழுதார். நிலத்தில் ஆல்பனா என்னும் கோலம் இடப்பட்டது. வங்காளப் பெண்கள் நோன்பு நாட்களில் அரிசிமாவைக் கரைத்து வீட்டுத் தரையில் இடுவது அது. நம் வீடுகளின் மாக்கோலமேதான். இங்குக் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்றுண்டு. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸ் போன்ற பேரோவியர்களும் இந்த ஆல்பனாவைக் கிராமப் பெண்களின் வழக்கத்திலிருந்தே பெற்றனர். ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்பது அங்கே தலைகீழாயிற்று. பிற்பாடு நந்தலால் அவ்விழாவையே ஸ்ரீநிகேதனத்தில் சுவர்ச்சித்திரமாகத் தீட்டினார்.

தோல்வேலை, பாத்திக் சாயவேலை முதலிய கைத்தொழில்களும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றால் கூலி கிடைத்தது. பசியுள்ள வீட்டில் அது சிறிய காரியமன்று. எனினும் அப்பொருள்களை வாங்கியவர் பெரும்பாலும் நகரவாசிகள். செய்தவன் வீட்டுத் திண்ணையில் அவை தங்கவில்லை. கைத்தொழிற்சாலை ஒன்றைத் திறந்துவிட்டு, கிராமத்துக்குக் கலை வந்துவிட்டதென்று அறிக்கை எழுதுவோர் இவ்வேற்றுமையை மறந்துவிடுகின்றனர்.

1938-ல் குஜராத்தில் ஹரிபுரா என்னும் கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் அதன் அலங்காரத்தை ஏற்றார். பட்டுத் திரையோ கண்ணாடி விளக்கோ அவர் நாடவில்லை. மூங்கிலும் கீற்றும் மண்பாண்டமும் கதருமே சாதனங்கள். கையால் செய்த காகிதத்தில் மண்நிறங்களைக் கொண்டு, உழவன், தச்சன், மேளம் கொட்டுவோன், பாலூட்டும் தாய் எனக் கிராமத்தாரையே எழுதி, நடந்து செல்லும் ஜனங்கள் வழியிலேயே காணுமாறு வைத்தார். சுமார் 400 படங்கள்; கலாபவனத்துத் துணைவரும் மாணாக்கரும் உடன் உழைத்தனர். சபை கலைந்ததும் பந்தலும் பிரிந்தது. ஸ்ரீநிகேதனத்து ஏர்விழாவோ, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் இன்றும் நடந்துவருகிறது. கோலமும் ஆண்டுதோறும் புதிதாகவே இடப்படுகிறது.