மோதலின் பின்னும் மாறாதவை



மருத்துவத்துறையிலிருந்து வந்து பௌதிகவியல் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உயர்தர வகுப்பில் நம்மில் பலர் மோதல் கணக்குகள் செய்தோம். ஒரே நேர்கோட்டில் இரு பந்துகள் மோதினால் உந்தக் காப்பு, சக்திக் காப்பு என்ற இரு சமன்பாடுகள் போதும். மூன்று பந்துகள் ஒருமித்து மோதினால் தெரியாக்கணியங்கள் மூன்று, சமன்பாடுகளோ இரண்டுதான். நாம் அங்கே நின்றுவிட்டோம்.

உலகில் சிலர் அதற்கப்பாலும் போனார்கள். 1955இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸிலிருந்து ஃபெர்மி, பாஸ்ரா, உலாம் ஆகிய மூவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. விற்களால் இணைத்த திணிவுகளின் தொடரொன்றை அவர்கள் கணினியில் அதிரவிட்டார்கள். சக்தி எங்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவோ ஏறக்குறைய தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்தது.

இதன் காரணத்தைத் தேடிய சபுஸ்கியும் குருஸ்கலும் 1965இல் ஒருவகைத் தனியலைகளைக் கண்டார்கள். அவை மோதிய பின்னும் பழைய வடிவோடும் வேகத்தோடும் வெளிவந்தன. இருக்கவேண்டிய இடத்திலிருந்து மட்டும் சற்று விலகியிருந்தன. இவற்றில் காக்கப்படும் கணியங்கள் இரண்டல்ல, எண்ணற்றவை என்பது பின்னர் தெரிந்தது.

சார்புக் கொள்கைக்கு அமைந்த குவாண்டம் துணிக்கைகளிலும், ஒரே நேர்கோட்டில் இயங்கும் சில மாதிரிகளில், இதுவே நடக்கிறது. எத்தனை துணிக்கைகள் மோதினாலும் அதை இரண்டிரண்டாக நடக்கும் மோதல்களாகப் பிரிக்கலாம். எந்த வரிசையில் பிரித்தாலும் விளைவு ஒன்றே. சமொலொத்சிகோவ் சகோதரர்கள் 1979இல் இதை விரிவாக எழுதினார்கள். 2008இல் லெக்னர் என்பவர் இரு துணிக்கைகளின் சிதறலிலிருந்து தொடங்கி, அத்தகைய மாதிரிகளில் ஒரு வகுப்பைக் கணித நிறுவலோடு கட்டியெழுப்பினார்.

இப்போது அந்த முதல் அறிக்கைக்குத் திரும்புவோம். கணினிக்கு அந்தக் கணக்கை எழுதி ஓடவிட்டவர் மேரி சிங்கு என்ற இளம் பெண். ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இல்லை. அடிக்குறிப்பில் ஒரு நன்றி இருந்தது. 2008இல்தான் டோஷுவா என்ற பிரெஞ்சுப் பௌதிகவியலாளர், அவர் பெயரையும் சேர்த்தே அக்கணக்கைச் சொல்லவேண்டும் என்று எழுதினார். இடையில் 53 ஆண்டுகள் போய்விட்டன.

சகோதரிகளே, நமது நூற்றாண்டிலும் அடிக்குறிப்பில்கூட இடம்பெறாத பெண்கள் பலர் இருப்பார்கள். ஆய்வுகூடத்தைக் கழுவித் துடைத்தவர்கள், விடுதியில் சமைத்தவர்கள், படங்களில் பெயரின்றிப் பின்வரிசையில் நிற்பவர்கள். உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் பின்புறத்தில் எழுதிவையுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்திற்கும் அனுப்புங்கள்.