நூற்ற கையும் வாங்கும் கையும்



புறநானூற்றின் 326ஆம் பாடலில் ஒரு பெண் வருகிறாள். இரவு நேரம். வேலிப்புறத்தில் காட்டுப்பூனை நடமாட, இளம் பெட்டைக்கோழி ஒன்று அஞ்சி அலறுகிறது. பஞ்சில் கலந்த தூசியையும் செத்தையையும் புடைத்து நீக்குவதற்காக எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியில் தன் சேவலின் கொண்டையைக் கண்ட பிறகே அக்கோழியின் நடுக்கம் தணிகிறது. பாடல் பின்னர் அவ்வூர்த் தலைவனின் விருந்தோம்பலைப் பாடச் சென்றுவிடுகிறது. உரைகாரர்களும் அவ்வழியே சென்றுவிட்டனர். ஊர் உறங்கும் பொழுதில் அவள் ஏன் விழித்திருந்தாள் என்று கேட்டவர் அரியர். பகலில் முடியாத வேலை இரவுக்கு நீள்கிறது; அவ்வளவே. ஆண் துணையற்ற மகளிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணையின் 353ஆம் பாடல் மலையில் தவழும் மேகத்திற்கு உவமையாக்குகிறது. நூல் அழகியது, நூற்றவள் ஆதரவற்றவள். இரண்டையும் ஒருசேரக் கண்ட கண் சங்கப் புலவர்க்கு இருந்தது.

புறப்பாடலைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். கையால் உழைத்தவர்க்குக் கையால் உழைப்பவள் கண்ணில் பட்டாள் போலும். தங்கால் என்பது சிவகாசியை அடுத்த திருத்தங்கல் என்பர். அவ்வூருக்கு இவ்வுரை மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

நன்னூலின் பாயிரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே அவள் கை, அறிவே கதிர் என்று அங்கே உருவகம் விரிகிறது. புலவனை மன்னனோடோ தச்சனோடோ ஒப்பிடாமல் நூற்கும் பெண்ணோடு ஒப்பிட்டது இலக்கண ஆசிரியரின் பெருமை. ஏட்டுக்கும் இழைக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில் கவிதை எழுதுவோர் அவளுக்குக் கடன்பட்டவர்கள். ஆயினும் ஏட்டின் முகப்பில் ஆசிரியர் பெயர் அச்சாகிறது. துணியின் ஓரத்தில் அச்சாவது விற்பவர் பெயர் மட்டுமே. பத்தாண்டுகளாகச் சொல்லை எடைபோட்டுப் பழகிய ஒரு வட்டத்தின் விழாவில், தீபாவளித் துணியை எடைபோடுவது பொருந்தாத செயலன்று.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தமிழகக் கடைத்தெருக்களில் திரள்வோர் யாவர்? பெரும்பாலோர் தாமும் உழைப்பவரே. அவர்கள் மடியில் இருப்பது போனஸ் பணம். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின்படி, ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காட்டைக் குறைந்த அளவாக வகுத்தது. அதாவது, பன்னிரண்டு மாத உழைப்புக்குப் பதின்மூன்றாம் மாதக் கூலி. ஒரு தொழிலாளியின் பதின்மூன்றாம் மாதக் கூலி, வேறு பல தொழிலாளரின் உழைப்பாக மாறும் இடமே பண்டிகைக் கடை. ஆகவே, அங்கே மலிவைத் தேடி அலையும் ஏழையின் மீது அறத்தின் பெயரால் பழி சுமத்துதல் முறையன்று. நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே கட்டுத் துணியில் சட்டை தைக்கும் தாய்க்கு அறவுரை கூற எவர்க்கும் தகுதியில்லை. வினா, தேர்ந்தெடுக்கும் வசதி படைத்தோரை நோக்கியது. அவர்களும் இன்று சிறு தொகையினர் அல்லர்.

இன்றைய பருத்திப் பெண்டு எங்கே இருக்கிறாள்? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் இருக்கிறாள். அவள் கையில் சிறு விளக்கு இல்லை. தலைக்கு மேல் குழல் விளக்கு எரிகிறது. இரவுமுறை மட்டும் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல ஆலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வறிய குடும்பங்களின் இளம் பெண்களைச் சேர்த்தன. மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் ஒரு தொகை திருமணச் செலவுக்குக் கிட்டும் என்பது வாக்குறுதி. காலம் முடியுமுன் நோயுற்றோ மனம் சலித்தோ வெளியேறியவர்கள் பலர்க்கு அத்தொகை கிடைக்கவில்லை. உழைத்துச் சேர்த்த கூலியையே பரிசு போலக் காட்டிய இத்திட்டத்திற்கு மங்கலமான ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராக்கியது, சொல்லோடு வாழ்வோர் பொறுக்கக்கூடாத ஒன்று. நெதர்லாந்து அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் இதை ஐரோப்பியக் கடைகளின் வாசலுக்குக் கொண்டு சென்றன.

அதன் பிறகு நிகழ்ந்த ஒன்று கருதத்தக்கது. 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் பெண் தொழிலாளி கொலையுண்டார். அவரோடு வேலை பார்த்த மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் போராடியதன் பயனாக 2022இல் 'திண்டுக்கல் உடன்பாடு' கையெழுத்தாயிற்று. ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுக்கத் தொழிலாளரே கண்காணிப்பாளராக இருக்கும் ஏற்பாட்டைக் கொண்டது அது. அங்கிருந்து ஆடை வாங்கிய சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றும், அமெரிக்க நிறுவனங்களும் சட்டப்படி அதற்குக் கட்டுப்பட்டன. கடல் கடந்த வாங்குவோரின் பெயர் அந்த ஏட்டில் இருக்கிறது. அதே மாவட்டத்து நூலில் நெய்த துணியைத் தீபாவளிக்கு உடுத்தும் உள்ளூர் வாங்குவோர் அதைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இத்தகைய வினா தமிழகத்திற்குப் புதியதன்று. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவிய காலத்தில் கதர் வாங்குவது உழைப்பவர்க்குச் சோறிடும் செயலாகவே கருதப்பட்டது. ஆயினும் நூற்பவள் பெற்ற கூலி மிகச் சிறியது. 1935இல் காந்தி, அவளுக்கு வயிறு நிறையும் கூலி தரவேண்டும் என்று அகில இந்திய நூற்போர் சங்கத்தை வற்புறுத்தினார். விலை ஏறினால் கதர் விற்காது என்று இயக்கத்தினர் பலரே அஞ்சினர். அந்த அச்சம் பொருளற்றதுமன்று. எனினும், நூற்பவளின் பசியால் வரும் மலிவு கதருக்கு வேண்டா என்பதில் அவர் உறுதியாக நின்றார். சங்கமும் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. அந்நியத் துணியைத் தீயிலிட்ட நிகழ்ச்சிகள் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றன. இந்தக் கூலித் தீர்மானம் இடம்பெறவில்லை. தீயைவிடக் கூலி கவர்ச்சி குறைந்த செய்தி போலும்!

பண்டிகைக்கும் தொழிலாளர்க்கும் உள்ள உறவை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கப் பெண்கள். 1891இல் ஜோசபின் ஷா லோவல் முதலானோர் நியூயார்க்கில் நுகர்வோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கடைப்பெண்களை மனிதராக நடத்தும் கடைகளின் பட்டியலை வெளியிட்டு, அக்கடைகளிலேயே வாங்குமாறு மக்களை வேண்டினர். 1899இல் தேசிய நுகர்வோர் சங்கம் உருவாகி, பிளாரன்ஸ் கெல்லி அதன் செயலாளரானார். சோதனையிட்டுத் தேறிய தொழிற்சாலைகளின் ஆடைகளில் ஒரு வெள்ளைச் சீட்டு தைக்கப்பட்டது. கிறிஸ்துமசுக்கு முந்திய நாட்களில் நள்ளிரவு வரை நின்ற விற்பனைப் பெண்களையும், பொட்டலம் சுமந்து பனியில் ஓடிய சிறுவர்களையும் கண்டு, 'முன்னதாகவே வாங்கிவிடுங்கள்' என்ற இயக்கத்தை அவர்கள் நடத்தினர். எளிமையான வேண்டுகோள்தான். ஆனால், எதை வாங்குவது என்பதோடு எப்போது வாங்குவது என்பதும் பிறர் உடலைப் பற்றிய வினா என்று கண்டது அவர்களின் நுட்பம். நல்ல மனம் படைத்த சிலர் வாங்குவதால் மட்டும் உலகம் திருந்திவிடும் என்று அவர்கள் மயங்கவுமில்லை. வேலை நேரத்திற்கு வரம்பு கட்டும் சட்டங்களுக்காக நீதிமன்றம் வரை சென்றனர்.

காலத்தைப் பற்றிய இவ்வினா சிவகாசியில் உயிர் வினாவாகிறது. தங்கால் புலவரின் ஊரான திருத்தங்கல் இன்று சிவகாசி மாநகராட்சியில் அடங்கியது. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி உண்டு. பண்டிகை நெருங்க நெருங்க ஆர்டர் குவிகிறது; அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன; நால்வர் இருக்குமிடத்தில் மேலும் பலர் அமர்கின்றனர்; கூலி எண்ணிக்கைக் கணக்கு ஆதலின் கை விரைகிறது. மருந்துக்கு உராய்வு பகை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது தீபாவளிக்கு முந்திய இத்தகைய பருவத்தில்தான். குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் அதையொட்டிய கண்காணிப்பும் ஓரளவு பயன் தந்தன. பெரியவர்களின் உயிர்க்காப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 'பட்டாசு வாங்காதீர்' என்ற முழக்கம் உள்ளத்துக்கு நிறைவளிக்கலாம். ஆனால், அத்தொழிலன்றி வேறு பிழைப்பறியாத குடும்பங்களுக்கு அது விடையாகாது. உரிமம் பெற்ற ஆலையின் பெயர் பொறித்த சரக்கைக் கேட்டு வாங்குவதும், பெயரற்ற மலிவுச் சரக்கை மறுப்பதும் செய்யக்கூடியவை.

கைத்தறியில் பெயர் பற்றிய சிக்கல் வேறு வகையானது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோவது நிற்கவில்லை. 2006இல் கைத்தறிக்குத் தனி முத்திரை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முத்திரையைப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? தள்ளுபடிப் பலகையைப் பார்த்து வாங்குவோரே மிகுதி. தள்ளுபடியிலும் வேறுபாடு உண்டு. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்சு போன்ற கூட்டுறவு அமைப்புகள் பண்டிகைக்கு அளிக்கும் தள்ளுபடியில் அரசின் மானியம் பங்கேற்கிறது; நெசவாளியின் கூலி அதற்காகக் குறைவதில்லை. பிற இடங்களில் 'பாதி விலை' என்ற பலகை தொங்கும்போது, மறுபாதியை யார் கொடுத்தார் என்பது கேட்கத்தக்க கேள்வி. கண்ணாடிக் கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, வாசலில் பூ விற்கும் கிழவியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசும் வழக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது.

கோ-ஆப்டெக்சு பட்டுச் சேலைகள் சிலவற்றோடு, நெய்த நெசவாளியின் படமும் பெயரும் தாங்கிய அட்டையை வைத்து விற்றது. துணிக்கும் நூலாசிரியர் பெயர் வந்த நிகழ்ச்சி அது. கவிஞர்கள் அதைப் பாடியதாகத் தெரியவில்லை; பாடியிருக்கலாம்.

இனி, வாங்குவோரின் கண்ணெதிரே நிற்கும் ஒருத்தி. நூற்பவளும் நெய்பவனும் தொலைவில் இருக்கின்றனர்; துணிக்கடைப் பெண்ணோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைத் தெருக்கடைக்கு வந்து நின்றே தேய்ந்த இளைஞரின் வாழ்வை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரையில் காட்டியபோது, அக்கடைகளில் பல ஆண்டு துணி எடுத்தோர்க்கும் அது புதுச் செய்தியாக இருந்தது. இங்கிலாந்தில் 1899இலேயே, கடைப்பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் தொழில் செய்த விஜி முதலானோர் 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினர். கழிவறை வசதிக்காக எழுந்த குரல், பின் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை கட்டாயமாயிற்று.

அப்பிரிவின் வாசகம் ஊன்றிப் படிக்கத்தக்கது. வேலைக்கிடையே அமர்வதற்கு வாய்ப்பு நேரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ள ஏதுவாக இருக்கை இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. இருக்கையைச் சட்டம் தந்துவிட்டது. வாய்ப்பை யார் தருவது? ஐப்பசியில், பண்டிகைக்கு முந்திய மாலையில், ஒருவர் எழுந்தால் ஒருவர் அமரும் கூட்டத்தில் அந்த வாய்ப்பு முதலாளியின் கையில் மட்டும் இல்லை. இருபது சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, இருபத்தோராவதையும் கேட்டு, 'பிறகு வருகிறேன்' என்று எழுந்து செல்பவர் கையிலும் இருக்கிறது. அவர் சென்ற பின் அந்த இருபதையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்தாக வேண்டும். மடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து அமர்ந்துவிடுகிறார். பலகைக்குப் பின்னால் சட்டத்தின்படி போட்ட முக்காலி கிடக்கிறது. அதன் மேல் இன்னும் மடிக்காத சேலைகள் குவிந்திருக்கின்றன.