கை வழி ஆஞ்சியோ: வீடு திரும்பிய பின்
(மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



ஆஞ்சியோ என்றால் தொடை வழியாகக் குழாய் விட்டு, காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1989-இல் கனடாவின் மான்ட்ரியலில் டாக்டர் லூசியன் காம்போ, மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக இதயத்தைப் பரிசோதித்ததை வெளியிட்டார். இன்று பலருக்கும் அந்த வழிதான். அங்கே ரத்தக்குழாய் எலும்பின் மேலேயே ஓடுகிறது; அழுத்தினால் ரத்தம் நிற்கும். தொடையில் உள்ளுக்குள் கசிந்தால் சீக்கிரம் தெரியாது.

இவ்வளவு லேசாக முடிவதுதான் நம்மை அசட்டையாக்குகிறது. அன்று மாலையே எழுந்து நடக்கிறார். மறுநாள் காசிமேட்டில் மீன் கூடை தூக்கப் போகிறேன், எண்ணூருக்கு லாரி எடுக்கிறேன் என்கிறார். வேண்டாம் பாய். ஒரு வாரமாவது அந்தக் கையில் கனமான எதையும் தூக்காதீர்கள். வேலைக்கு எப்போது போகலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஸஜ்தாவில் மணிக்கட்டு மடங்கி உடல் பாரம் அதன் மேல் விழுகிறது. முதல் இரண்டு நாள் நாற்காலியில் அமர்ந்து தொழுவது கைக்கு நல்லது. கட்டு நனையாமல் ஒளு செய்வது எப்படி, மஸஹ் எப்படி என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென ரத்தம் வந்தால் துணியைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். உட்கார்ந்து, துளை போட்ட இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பீறிட்டாலோ, பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள். முன்கை வீங்கிக் கல்லாக இறுகினாலும், விரல்கள் மரத்து வெளுத்துக் குளிர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டான்லியோ தனியாரோ, உடனே போங்கள். உள்ளே தேங்கும் ரத்தம் நரம்பையும் தசையையும் நெரித்துவிடும். அபூர்வம்தான், ஆனால் தாமதித்தால் கை பாழாகும்.

சத்தமில்லாத சிக்கலும் ஒன்று உண்டு. துளை போட்ட குழாய் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். சுண்டுவிரல் பக்கத்துக் குழாய் கைக்கு ரத்தம் கொடுப்பதால் பலருக்கு வலியே இருக்காது. பிறகு இன்னொரு ஆஞ்சியோ தேவைப்படும்போதுதான் அந்த வழி மூடியிருப்பது தெரியவரும். பட்டையை அளவுக்கு மீறி இறுக்கி, நெடுநேரம் வைப்பதும் இதற்குக் காரணம். வலித்தால் நர்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே தளர்த்தவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன் மணிக்கட்டில் நாடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாளை டயாலிசிஸ் தேவைப்பட்டால், அதற்கும் அந்தக் கைக் குழாய்தான் வேண்டும்.